டயாலிசிஸில் இருப்பவருக்குச் சாப்பாடு: பட்டினி போடாமல் கட்டுப்படுத்துவது எப்படி

டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பழைய சாப்பாட்டுப் பட்டியலையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் பல வீடுகளில் நடக்கிற முதல் தவறு. சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகி வந்த காலத்தில் "புரதத்தைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருப்பார். உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் புரதம் என்பது அப்போதைய கணக்கு. டயாலிசிஸ் தொடங்கிய நாளோடு அந்தக் கணக்கு செல்லாது. இப்போது வேண்டியது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம். காரணம் எளிது: ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸ் ஒவ்வொன்றின்போதும், புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலம் 6 முதல் 12 கிராம் டயலைசர் என்ற வடிகட்டி வழியாக வெளியே போய்விடுகிறது. வயிற்றில் திரவம் விட்டுச் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸில் தினமும் 5 முதல் 15 கிராம் புரதம் போகிறது. வயிற்றுச் சவ்வில் தொற்று வந்தால் இன்னும் அதிகம்.

இந்தப் பக்கம் இப்படி ஒழுகிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் பொட்டாசியத்துக்குப் பயந்து காய், பழம் நிறுத்தம். பாஸ்பரஸுக்குப் பயந்து முட்டை, பால் நிறுத்தம். சர்க்கரை நோய்க்காக இனிப்பும் மாவும் நிறுத்தம். எல்லாத் தடையையும் கூட்டிப் பார்த்தால் தட்டில் மிச்சம் ஒரு பிடி சோறு. அறிக்கையில் எண்கள் அழகாக வரும்; ஆள் கரைந்துகொண்டிருப்பார். ஆகவே முதலில் போதுமான புரதமும் கலோரியும் உள்ளே போக வேண்டும். கட்டுப்பாடுகளை அதற்குப் பிறகு, அதைக் கெடுக்காத அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள எல்லாமே இந்த வரிசையில்தான்.

முதலில் கணக்கு

கணக்குக்கு எடுக்க வேண்டியது டிரை வெயிட், அதாவது டயாலிசிஸ் முடிந்து, உடலில் கோத்த நீரெல்லாம் இறங்கிய பிறகு உள்ள எடை. நீரோடு சேர்த்து நிறுத்த எடை உதவாது. மிகவும் மெலிந்தவருக்கும் மிகப் பருமனானவருக்கும் எந்த எடையை எடுப்பது என்பதை டயட்டீஷியன் முடிவு செய்யட்டும்.

60 கிலோ உள்ளவருக்கு: புரதம் 60 முதல் 72 கிராம். கலோரி, கிலோவுக்கு 25 முதல் 35 என்ற கணக்கில், 1,500 முதல் 2,100 வரை. கலோரி குறைந்தால் உடல் சாப்பிட்ட புரதத்தையே எரித்துவிடும். அதனால் முட்டை மட்டும் கொடுத்து, சோறும் எண்ணெயும் குறைத்தால் பலன் இல்லை. விறகு இல்லை என்று வீட்டுக் கதவையே அடுப்பில் வைப்பது போலத்தான் அது.

ஒரு நாளைக்கு இது எப்படி அமையும்? சமைக்காத எடையில் 200 கிராம் அரிசி அல்லது வேறு தானியம் (புரதம் 14 கிராம்). முழு முட்டை இரண்டு (12). அவற்றோடு வெள்ளைக்கரு மட்டும் இரண்டு (7). சமைத்தபின் 100 கிராம் கோழி அல்லது மீன் (24). உலர்ந்த பருப்பு 30 கிராம் (7). பால் அல்லது தயிர் 200 மி.லி. (6). மொத்தம் 70 கிராம். நாள் முழுக்கச் சமையலில் எண்ணெய் 40 மி.லி., கொஞ்சம் காய், ஒரு சிறிய பழம் சேர்ந்தால் கலோரி 1,700 வரும். பார்க்கச் சாதாரணச் சாப்பாடுதான். ஆனால் பசி செத்துப்போனவருக்கு இவ்வளவு உள்ளே போவதே பெரும்பாடு. அதைப் பிறகு பார்ப்போம்.

அசைவம் சாப்பிடாதவர்கள் பருப்பை நிறுத்தத் தேவையில்லை. பருப்பில் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் வடிவில் இருக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை, அதனால் பாதிக்கும் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. பருப்பை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, வேறு நீரில் வேகவைத்தால் பொட்டாசியமும் குறையும். அப்படியும் புரதம் எட்டவில்லை என்றால் புரதப் பொடி வேண்டும். கடையில் தசை வளர்க்க விற்கும் பொடிகளில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் (பாஸ்பரஸின் உப்பு வடிவம்) சேர்த்திருப்பார்கள்; லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். சிறுநீரக நோயாளிகளுக்கான பொடியிலும் இரண்டு வகை உண்டு: டயாலிசிஸுக்கு முந்தைய நிலைக்குப் புரதம் குறைந்தது, டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கூடியது. டப்பாக்கள் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மாற்றி வாங்கி மாதக்கணக்கில் குடிப்பது அபூர்வமான தவறு அல்ல.

பாஸ்பரஸ்: உணவை விட மாத்திரை நேரம் முக்கியம்

மேலே சொன்ன ஒரு நாள் சாப்பாட்டில் ஏறத்தாழ 1,000 மி.கி. பாஸ்பரஸ் இருக்கும். வாரத்துக்கு 7,000. அதில் 60 சதவீதம் குடல் உறிஞ்சுகிறது என்று வைத்தால் 4,200. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று சுமார் 800 மி.கி. எடுக்கும், வாரம் மூன்று முறைக்கு 2,400. மீதி 1,800 மி.கி. எங்கே போகும்? எலும்பிலிருந்து கால்சியம் இளகுவதும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிவதும், தாங்க முடியாத அரிப்பும் இந்த மிச்சத்தால்தான். புரதத்தைக் குறைத்து இதைச் சரிக்கட்ட முடியாது; அதற்குத்தான் பாஸ்பேட் பைண்டர் மாத்திரை.

பைண்டர் ரத்தத்தில் வேலை செய்வதில்லை. வயிற்றில், உணவோடு கலந்து, அங்கேயே பாஸ்பேட்டைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோகிறது. அதனால் சாப்பாட்டு வாய்களுக்கு நடுவே விழுங்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நினைவு வந்து போட்டால் அந்த வேளைக்குப் பயன் இல்லை. வெறும் வயிற்றில் போட்ட கால்சியம் கார்பனேட் பைண்டராக இருக்காது, கால்சியம் மாத்திரையாகிவிடும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். பைண்டர் வகைகளில் செவலமர் மாத்திரையை முழுதாக விழுங்க வேண்டும், லாந்தனம் மாத்திரையை நன்றாக மென்று சாப்பிட வேண்டும். லாந்தனத்தை முழுதாக விழுங்கி "மாத்திரை வேலை செய்யவில்லை" என்பவர்கள் உண்டு. தைராய்டு மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி போன்றவற்றைப் பைண்டரோடு சேர்த்து விழுங்கினால் அவற்றையும் இது பிடித்துக்கொள்ளும். எவ்வளவு இடைவெளி என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை என்றால் வேளைக்கு ஒன்று என்று எல்லோரும் பிரித்துவிடுகிறார்கள். காலையில் ரொட்டித் துண்டு ஒன்று, மதியம் கோழியும் தயிரும் என்றால் காலை மாத்திரைக்கு வேலையே இல்லை. புரதம் அதிகமுள்ள வேளைக்கு இரண்டு, மற்ற வேளைக்கு ஒன்று என்று மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளில் ஒரு பங்கு சாப்பாட்டு மேசையிலேயே இருக்கட்டும். வெளியே போகும்போது பையில் நான்கைந்து.

எங்கே கண்டிப்பு காட்டலாம் என்றால், தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட்டில். இறைச்சி, முட்டை, பாலில் இருப்பதில் 40 முதல் 60 சதவீதம் உறிஞ்சப்படுகிறது. சேர்க்கப்பட்ட பாஸ்பேட் உப்பு 90 சதவீதத்துக்கு மேல் அப்படியே சேரும். கோலா பானங்கள், பதப்படுத்திய இறைச்சி, உருக்கித் துண்டு போட்ட சீஸ், உடனடிக் கலவைப் பொட்டலங்கள் ஆகியவற்றில் இது அதிகம். லேபிளில் பாஸ்பேட் என்ற சொல் எந்த வடிவில் இருந்தாலும், அல்லது 338 முதல் 343 வரை, 450 முதல் 452 வரை உள்ள சேர்க்கை எண் இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள்.

முட்டையை வைத்துப் பார்த்தால் தேர்வு தெளிவாகும். முழு முட்டையில் 6 கிராம் புரதத்துக்கு 90 மி.கி. பாஸ்பரஸ்; வெள்ளைக்கருவில் 3.6 கிராம் புரதத்துக்கு வெறும் 5 மி.கி.தான். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறியவருக்கு மஞ்சள்கருவைக் குறைத்து வெள்ளைக்கருவைக் கூட்டினால் போதும். முட்டையையே நிறுத்த வேண்டாம்.

உப்பும் தண்ணீரும்

இரண்டும் ஒரே கணக்கு. "தண்ணீரைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டு உப்பை விட்டுவைத்தால் அது தண்டனை, சிகிச்சை அல்ல. உடலில் சேரும் ஒவ்வொரு 8 கிராம் உப்பும் தனக்குத் துணையாக 1 லிட்டர் நீரைக் கேட்கும். தாகம் என்பது அந்தக் கேள்விதான். சிறுநீர் அறவே வராத ஒருவர் நாளுக்கு 12 கிராம் உப்பு சாப்பிட்டால், இரண்டு நாள் இடைவெளியில் 24 கிராம், அதாவது 3 லிட்டர், 3 கிலோ. அதே ஆள் 5 கிராமில் நின்றால் 1.25 கிலோ. மன உறுதியால் தாகத்தை அடக்கச் சொல்வதை விட உப்பைக் குறைப்பது எவ்வளவோ சுலபம்.

நாளுக்கு 5 கிராம் என்பது சமமாக வழித்த ஒரு தேக்கரண்டி. காலையில் அதை ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்து, அவருடைய பங்குச் சாப்பாட்டில் அன்றைக்கு அதிலிருந்து மட்டும் போடுங்கள். ஊறுகாய், கருவாடு, நொறுக்குத்தீனி உள்ள நாளில் கிண்ணத்தில் பாதிதான். காரம், புளிப்பு, பூண்டு, மிளகு, எலுமிச்சை தாராளமாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். "குறைந்த சோடியம்" உப்பு மட்டும் கூடாது. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கு அது நேரடி ஆபத்து.

திரவ அளவுக்குப் பொதுவான விதி: ஒரு நாளில் வரும் சிறுநீரின் அளவு, அதோடு 500 முதல் 750 மி.லி. கூட்டிக்கொள்ள வேண்டும். சிறுநீரை மாதம் ஒருமுறையாவது 24 மணி நேரம் சேர்த்து அளந்து பாருங்கள். அது குறையக் குறைய அளவும் மாறும். நடைமுறையில் இப்படிச் செய்யலாம்: அன்றைய அளவுத் தண்ணீரைக் காலையில் ஒரு பாட்டிலில் நிரப்புங்கள். தேநீர், பால், சூப், மருந்து விழுங்கிய நீர் என்று எது குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். பனிக்கட்டியும் கணக்கில் சேரும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தால் எந்த உத்தியும் தாகத்தைத் தணிக்காது. முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை ஏற்றம் டிரை வெயிட்டில் 4 முதல் 4.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 60 கிலோவுக்கு அது சுமார் 2.5 கிலோ. மணிக்கு கிலோவுக்கு 13 மி.லி.க்கு மேல் நீரை இழுத்தால் இதயத்துக்குக் கெடுதல் என்பதால், இவருக்கு 4 மணி நேரத்தில் 3.1 லிட்டர்தான் உச்சம். அதைத் தாண்டி ஏற்றிக்கொண்டு வந்தால் தசைப்பிடிப்பும் மயக்கமும் வரும். வீடு திரும்பியும் எழ முடியாது. அன்றைய சாப்பாடும் போயிற்று. எடையே ஏறவில்லை என்றாலும் மகிழ வேண்டாம். பல நேரம் அதற்குப் பொருள், அவர் சாப்பிடவே இல்லை என்பது.

பொட்டாசியம்

டயாலிசிஸுக்கு முன் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 5.5 மில்லிமோலுக்குள் இருந்தால் காய், பழங்களை முற்றாக நிறுத்தத் தேவையில்லை. 6ஐத் தாண்டினால் உணவைப் பாருங்கள். ஆனால் உணவை மட்டும் பார்க்காதீர்கள். மலச்சிக்கல், சரியாக நடக்காத அல்லது தவறிய டயாலிசிஸ், கட்டுப்படாத சர்க்கரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், நீண்ட நேரப் பட்டினி எல்லாமே பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகம் கைவிட்ட பிறகு குடல்தான் பொட்டாசியத்தில் ஒரு நல்ல பங்கை வெளியேற்றுகிறது. தினமும் மலம் போகிறதா என்ற கேள்வி வாழைப்பழம் சாப்பிட்டாரா என்பதற்குச் சளைத்ததல்ல.

காயிலிருந்து பொட்டாசியத்தை இறக்க: தோல் சீவி, சிறு துண்டுகளாக, முடிந்தால் அரை சென்டிமீட்டருக்கும் மெல்லியதாக நறுக்குங்கள். நிறைய வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொட்டுங்கள். புதிதாக நிறைய நீர் வைத்துத் திறந்த பாத்திரத்தில் வேகவிட்டு, அந்த நீரையும் கொட்டிவிட்டுப் பிறகு தாளியுங்கள். உருளைக்கிழங்கில் சுமார் பாதி இதில் போய்விடும். ஆவியில் வேகவைத்தாலும், குக்கரில் கொஞ்ச நீரில் வேகவைத்து அந்த நீரோடு சாப்பிட்டாலும் எதுவும் குறையாது. பொட்டாசியம் பாத்திரத்திலேயே இருக்கும். காய் வெந்த நீரில் சூப் வைத்துக் கொடுப்பது இறக்கியதை எடுத்துக் குடிக்கக் கொடுப்பது.

இளநீர், பழச்சாறு, உலர்பழம், தக்காளி விழுது ஆகியவை சிறு அளவிலேயே பெருஞ்சுமை. நட்சத்திரப் பழத்துக்கு அளவே கிடையாது, தொடவே கூடாது. அதிலுள்ள நச்சைச் சிறுநீரகம் வெளியேற்றாததால் நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகும். விக்கல் தொடங்கினாலே டயாலிசிஸ் மையத்துக்குப் போய்விடுங்கள். கால் தளர்ச்சி, படபடப்பு அல்லது நாடி மிக மெதுவாவது பொட்டாசியம் ஏறியதன் அறிகுறிகள். இவற்றுக்கும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் இடைவெளி விழும் இடத்தில்தான் ஆபத்து அதிகம். விருந்து அந்த நாட்களில் வேண்டாம்.

பெரிட்டோனியல் டயாலிசிஸ் என்றால்

இங்கே சில விதிகள் மாறும். வயிற்றில் விடும் திரவப் பையில் உள்ள குளுக்கோஸில் கிட்டத்தட்ட 60 முதல் 70 சதவீதம் உடலில் சேர்கிறது. 1.5 சதவீதப் பை 2 லிட்டரில் 30 கிராம். நாளுக்கு நான்கு பை என்றால் சுமார் 250 கலோரி சாப்பிடாமலேயே வந்துவிடும். அடர்த்தியான பைக்கு இன்னும் கூடும். அதைத் தானியத்தில் கழித்துக்கொள்ளுங்கள், புரதத்தில் கழிக்காதீர்கள். வயிற்றில் 2 லிட்டர் இருக்கும்போது பசிக்காது. திரவத்தை வடித்த பிறகு, புதியதை விடும் முன் சாப்பிட வையுங்கள். பொட்டாசியம் தினமும் வெளியேறுவதால் பலருக்குக் குறைவாகவே இருக்கும். ஹீமோடயாலிசிஸ் பட்டியலைப் பார்த்துப் பழத்தை நிறுத்திவிடாதீர்கள். குளுக்கோஸுக்குப் பதில் ஐகோடெக்ஸ்ட்ரின் உள்ள திரவம் பயன்படுத்துபவருக்குச் சில குளுக்கோமீட்டர்கள் உண்மைக்கு மேலே காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கும். எந்த மீட்டர் சரி என்று மையத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால்

முதலில் ஏன் என்று தேடுங்கள். டயாலிசிஸ் போதாமல் யூரியா தேங்கினால் பசி போகும். மலச்சிக்கல், வாயில் உலோகச் சுவை, ஆடும் பல், சர்க்கரை நோயால் வயிறு மெதுவாகக் காலியாவது, மனச்சோர்வு, சாப்பாட்டுக்கு முன் கை நிறைய மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்திருந்தால் தசை கரையும். அது மருத்துவர் சரிசெய்ய வேண்டியது.

அடுத்து, அளவைக் கூட்டாமல் அடர்த்தியைக் கூட்டுங்கள். 15 மி.லி. எண்ணெய் அல்லது நெய் 120 கலோரிக்கு மேல். சோற்றில் கலந்தால் தெரியவே தெரியாது. மூன்று பெரிய வேளையை ஆறு சிறிய வேளையாக்குங்கள். மிக மோசமான நாள் டயாலிசிஸ் நாள்தான்: போக வர, நடுவில் நான்கு மணி நேரம், பிறகு அசதி. அன்றைக்கு இரண்டு வேளை கழன்றுவிடும். வாரத்தில் மூன்று நாள் அப்படி. முந்தைய நாளே சமைத்து வைத்து, வந்ததும் சூடாக்கினால் போதும் என்ற நிலையில் இருக்கட்டும். டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் விழாதவராக இருந்தால், மையத்தின் அனுமதியோடு முதல் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முட்டை போன்ற சிறிய, ஆறிய உணவு கொடுக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய் அழுத்தம் விழும், அதனால் கையளவு மட்டும்.

இதுவும் போதாவிட்டால் சத்துப் பானம். அதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் படுக்கும் முன்னும் கொடுங்கள். அளவான நீரில் கலக்கினால் குறைந்த மி.லி.யில் அதிகக் கலோரி கிடைக்கும். அந்த நீரையும் பாட்டில் கணக்கில் கழியுங்கள். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

வைட்டமின் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. பி வகையும் சி-யும் டயாலிசிஸில் கழிகின்றன, ஏ உடலில் தேங்குகிறது. கடையில் கிடைக்கும் பொதுவான மல்டிவைட்டமினில் ஏ இருக்கும். சிறுநீரக நோயாளிக்கென்று எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்குங்கள். சி-யைக் கூடுதலாகப் போட்டால் ஆக்ஸலேட் என்ற உப்பாக உடலில் படியும்.

எதைக் கவனிக்க வேண்டும்

ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.8 கிராமுக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். அது சாப்பாட்டுக் குறையாகவும் இருக்கலாம், எங்கோ மறைந்திருக்கும் தொற்றாகவும் இருக்கலாம். யூரியா, கிரியேட்டினின், பாஸ்பரஸ் மூன்றும் ஒன்றாக இறங்கிக்கொண்டே வந்தால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். டயாலிசிஸ் முறையில் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படி இறங்கினால், அது பெரும்பாலும் தசை கரைவதன் கணக்கு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது.

எடைக் கருவியும் ஏமாற்றும். தசை 2 கிலோ குறைந்து, அதன் இடத்தில் 2 கிலோ நீர் சேர்ந்திருந்தால் முள் அசையாது. பழைய டிரை வெயிட்டையே இலக்காக வைத்து நீர் எடுப்பார்கள், மிச்ச நீர் உள்ளேயே தங்கும். படுத்தால் மூச்சு முட்டுவது, அழுத்தம் ஏறுவது, சட்டைத் தோள் தொங்கிப்போவது, மோதிரம் கழல்வது ஆகியவை சேர்ந்து வந்தால் இதுதான். மாதம் ஒருமுறை, ஊசி குத்தாத கையின் மேற்பகுதியை ஒரே இடத்தில் அளவு நாடாவால் சுற்றி எழுதி வையுங்கள். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ காரணமாக ஒரு வாரம் படுத்து எழுந்தால், அடுத்த டயாலிசிஸுக்கு முன்பே டிரை வெயிட்டைப் புதிதாகக் கணிக்கச் சொல்லிக் கேளுங்கள்.